படைவீரர் இயலாமை ஓய்வூதியம் மறுக்கப்பட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முன்னாள் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் மனு எழுத உதவும்போது, ஊர் மாறினாலும் ரெஜிமென்ட் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றிலும் பணியாற்றியவர்களுக்கு இந்திய அரசு வழங்கும் இயலாமை ஓய்வூதியத்தையும், அது மறுக்கப்படும்போது ஆயுதப் படைத் தீர்ப்பாயமும் (படையினரின் வழக்குகளை விசாரிக்கும் தனி அமைப்பு) நீதிமன்றங்களும் அந்த முடிவை எப்படி ஆராய்கின்றன என்பதையும் பற்றியது இது. மாநில அரசு வழங்கும் மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகைக்கு விதிகள் வேறு. அதை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை.

டிசபிலிட்டி பென்ஷன் என்பது சாதாரண பென்ஷனிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

இயலாமை ஓய்வூதியத்தில் இரண்டு பகுதிகள் உள்ளன. பணியாற்றிய காலத்துக்காகத் தரப்படுவது பணிக்கூறு. உடலுக்கோ மனத்துக்கோ ஏற்பட்ட பாதிப்புக்காகத் தரப்படுவது இயலாமைக்கூறு. முழுப் பணிக்காலத்தையும் முடித்து வந்தவருக்குச் சாதாரண ஓய்வூதியம் எப்படியும் கிடைக்கும் என்பதால், அவருடைய வழக்கு பெரும்பாலும் இயலாமைக்கூறு ஒன்றைப் பற்றியதாகவே இருக்கும்.

இயலாமைக்கூறுக்கு அடிப்படையாக இரண்டு நிபந்தனைகள் உள்ளன. பாதிப்பு படைப்பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் மோசமடைந்ததாகவோ இருக்க வேண்டும். அதன் அளவு 20 விழுக்காடு அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். தரைப்படையின் 1961 ஆம் ஆண்டு ஓய்வூதிய ஒழுங்குமுறைகளின் 173 ஆம் விதி இதைத்தான் சொல்கிறது. நீதிமன்றத்துக்கு வரும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றைச் சுற்றியே நடக்கின்றன.

என் மெடிக்கல் போர்டு பேப்பரில் "நானா" என்று இருக்கிறது. அப்படியென்றால் என்ன?

பாதிப்பு பணியால் ஏற்பட்டதும் அன்று, பணியால் மோசமடைந்ததும் அன்று என்ற ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகள் அவை. வீரர் வெளியேறும்போது அவரைப் பரிசோதிக்கும் மருத்துவக் குழு, நோய் எது, அது எப்போது எங்கே தொடங்கியது, எத்தனை விழுக்காடு பாதிப்பு, பணிக்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்பவற்றை ஒரு படிவத்தில் பதிவு செய்கிறது. தொடர்பு இல்லை என்று குழு எழுதிவிட்டால், பாதிப்பு 60 விழுக்காடாக இருந்தாலும் நிர்வாகம் இயலாமைக்கூறை மறுத்துவிடும்.

அந்தப் படிவத்தில் "நானா" என்ற முடிவுக்குப் பக்கத்தில் காரணம் எழுதுவதற்கும் இடம் இருக்கிறது. முடிவைவிட அந்தக் காரணப் பகுதியே வழக்கில் முக்கியம். ஏன் என்பதை அடுத்த பதில் விளக்கும்.

டாக்டர்கள் போர்டு சொன்னதை ஒரு ஜட்ஜ் எப்படி மாற்ற முடியும்? அவர் டாக்டர் இல்லையே?

நியாயமான கேள்வி. தீர்ப்பாயமோ நீதிமன்றமோ உங்களுக்கு என்ன நோய் என்று தீர்மானிப்பதில்லை; விழுக்காட்டைத் தானாகக் கூட்டுவதும் பொதுவாக இல்லை. மருத்துவக் குழுவின் முடிவு விதிகளின்படி எடுக்கப்பட்டதா, முடிவுக்குக் காரணம் சொல்லப்பட்டிருக்கிறதா, அந்தக் காரணத்துக்கும் உங்கள் பணி ஆவணங்களுக்கும் பொருத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதே அதன் வேலை. "உடற்கூறு சார்ந்த நோய்", "படைப்பணியுடன் தொடர்பில்லை" என்று ஒரே வரியில் எழுதிவிட்டு அதற்கு விளக்கமே தராத படிவங்கள் ஏராளம். அப்படிப்பட்ட படிவத்தை நீதிமன்றம் ஏற்க மறுப்பதற்கு மருத்துவப் பட்டம் தேவையில்லை. காரணம் கேட்பது சட்டத்தின் வேலை.

தவறு கண்டால் தீர்ப்பாயத்தின் முன் இரண்டு வழிகள் உள்ளன. ஆவணங்களே போதுமானவையாக இருந்தால் ஓய்வூதியம் வழங்குமாறு நேரடியாக ஆணையிடலாம். மருத்துவ ரீதியாக மீண்டும் பார்க்க வேண்டிய நிலை இருந்தால் மறு ஆய்வு மருத்துவக் குழு அமைக்கச் சொல்லலாம். இரண்டாவது வழியில் சென்றால் வழக்கு முடிந்ததாகப் பொருளில்லை. அந்தக் குழுவின் புதிய முடிவையும் பின்னர் எதிர்க்க முடியும்.

நோய் பணியால்தான் வந்தது என்று நான் நிரூபிக்க வேண்டுமா?

பலரும் வேண்டும் என்றே நினைத்துக்கொண்டு, சாட்சி இல்லை என்று வழக்கையே கைவிட்டுவிடுகிறார்கள். சட்டநிலை அதற்கு நேர்மாறானது. 2008 க்கு முன் வெளியேறியவர்களுக்குப் பொருந்தும் 1982 ஆம் ஆண்டின் உரிமை விதிகளில் (இந்த ஓய்வூதியம் யாருக்கு உண்டு என்பதை வகுக்கும் விதிகள்) 5, 9, 14 ஆகிய மூன்று விதிகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். படையில் சேரும்போது மருத்துவப் பதிவில் குறை எதுவும் குறிக்கப்படவில்லை என்றால், நீங்கள் நல்ல உடல்நலத்துடன் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். பின்னர் மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டால், உடல்நலம் கெட்டது பணியினால்தான் என்று கொள்ளப்படும். உரிமைக்கான நிபந்தனைகளை நிரூபிக்குமாறு விண்ணப்பதாரரைக் கேட்கக்கூடாது என்று 9 ஆம் விதி சொல்கிறது. நியாயமான சந்தேகம் எழுந்தால் அதன் பலன் அவருக்கே செல்ல வேண்டும். களப்பணியில் இருந்தவர்களுக்கு அதை இன்னும் தாராளமாகத் தர வேண்டும்.

சேரும்போதே நோய் இருந்தது, ஆனால் அன்றைய பரிசோதனையில் கண்டுபிடித்திருக்க முடியாது என்று மருத்துவக் குழு சொல்லலாம். அதற்கு 14 ஆம் விதி இடம் தருகிறது. ஆனால் அப்படிச் சொல்வதற்கான காரணத்தைக் குழு எழுத்தில் தர வேண்டும் என்பதும் அதே விதியில்தான் இருக்கிறது. அதே விதியின் இன்னொரு பகுதி, நோய் பணிக்காலத்தில் தோன்றியது என்பதோடு பணிச்சூழலும் அதற்குக் காரணமாகவோ துணையாகவோ இருந்திருக்க வேண்டும் என்கிறது. அரசுத் தரப்பு எப்போதும் அந்தப் பகுதியைத்தான் முன்வைக்கும் என்பதால், எங்கே, எந்தச் சூழலில், எத்தனை காலம் பணியாற்றினீர்கள் என்ற பதிவு அவசியமாகிறது.

தரம்வீர் சிங் தீர்ப்பு என்று எல்லோரும் சொல்கிறார்களே, அது என்ன?

தரம்வீர் சிங் 1985 இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். ஒன்பது ஆண்டுகளுக்குச் சற்று அதிகமாகப் பணியாற்றிய பிறகு, வலிப்பு நோய் காரணமாக 20 விழுக்காடு நிரந்தரப் பாதிப்புடன் வெளியேற்றப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவக் குழு எழுதியது, ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகவும், இரு நீதிபதிகள் அமர்வு எதிராகவும் தீர்ப்பளித்தனர். 2013 ஜூலை 2 அன்று உச்ச நீதிமன்றம் தனி நீதிபதியின் தீர்ப்பை நிலைநிறுத்தியது.

முந்தைய பதிலில் சொன்ன விதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் பொருளை அந்தத் தீர்ப்பு வரிசையாக வகுத்துத் தந்தது. சேரும்போது குறிப்பு இல்லை என்றால் அனுமானம் வீரருக்குச் சாதகம். அதை உடைக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு. காரணம் கூறாத மருத்துவக் கருத்து அந்தப் பொறுப்பை நிறைவேற்றாது. 2015 பிப்ரவரியில் ராஜ்பீர் சிங் வழக்கில், ஒரே தன்மையுடைய பல மேல்முறையீடுகளை ஒன்றாகக் கேட்ட உச்ச நீதிமன்றம் இதே நிலைப்பாட்டை உறுதிசெய்தது. சியாச்சினில் பணியாற்றி வலிப்பு நோய்க்கு ஆளான வீரர் ஒருவருக்கு 2025 ஏப்ரலில் கிடைத்த பிஜேந்தர் சிங் தீர்ப்பும் இதே தடத்தில் வந்ததுதான்.

அப்படியானால் எல்லா வழக்கும் ஜெயித்துவிடும்தானே?

இல்லை. அப்படிச் சொல்லி ஆசை காட்டுகிறவர்களை நம்ப வேண்டாம். மருத்துவக் குழுவின் கருத்துக்கு முதன்மை தர வேண்டும் என்று 2009 இல் ஏ.வி. தாமோதரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குழு தக்க காரணத்தோடு எழுதியிருந்தால் அந்தத் தீர்ப்பு இன்றும் உங்களுக்கு எதிராக எடுத்துக்காட்டப்படும்.

மனநோய் வழக்குகள் இந்த இரு தடங்களுக்கும் நடுவில் நிற்பவை. 2013 இல் ஒரு மனச்சிதைவு வழக்கில், குழுவின் கருத்துக்கு அடிப்படை எதுவும் பதிவாகவில்லை என்று கண்ட உச்ச நீதிமன்றம், உளவியல் நூல்களையும் பார்த்துவிட்டு, மறு ஆய்வுக் குழு அமைக்க ஆணையிட்டது. 2019 இல் இன்னொரு வழக்கில், இத்தகைய நோயைப் படையில் சேரும்போது நடக்கும் பரிசோதனையில் கண்டறிய இயலாது என்ற நிர்வாகத்தின் வாதத்தை ஏற்றுக் கோரிக்கையைத் தள்ளுபடி செய்தது. நோயின் பெயர் ஒன்றாக இருந்தும் முடிவுகள் வேறு. உங்கள் படிவத்தில் காரணம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் வெற்றி தோல்வியை யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

பிரஷரும் சுகரும் பீஸ் ஸ்டேஷனில் இருந்தபோதுதான் வந்தது. அதனால் தர மாட்டோம் என்கிறார்களே?

உயர் ரத்த அழுத்தமும் நீரிழிவும் வாழ்க்கைமுறை நோய்கள், அமைதிப் பகுதியில் தொடங்கியவை, எனவே பணியோடு தொடர்பில்லை என்ற வாசகம் கிட்டத்தட்ட அச்சடித்தது போல எல்லாப் படிவங்களிலும் வருகிறது. நோய் வெளிப்பட்ட இடம் அமைதிப் பகுதி என்பது மட்டுமே மறுப்பதற்குப் போதிய காரணம் ஆகாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2025 இல் நீரிழிவு வழக்கு ஒன்றில் தெளிவாகக் கூறியது. அமைதிப் பகுதிக்கு வருவதற்கு முந்தைய ஆண்டுகளில் உயர்மலையிலோ எல்லையிலோ இருந்திருந்தால், அந்தப் பதிவு உங்களுக்கு உதவும்.

2008 க்குப் பின் வெளியேறியவர்களுக்கு 2008 ஆம் ஆண்டின் உரிமை விதிகள் பொருந்தும். பணிக்காலத்தில் நோய் வெளிப்பட்டது என்பது மட்டுமே பணியோடு தொடர்பை நிறுவிவிடாது என்று அவற்றில் எழுதப்பட்டிருப்பதால், பழைய விதிகளைவிட அவை சற்றே கடினமானவை. இருந்தும், நிரூபிக்கும் பொறுப்பு சாதாரணமாக விண்ணப்பதாரருடையது அன்று என்ற நிலையை அவையும் கைவிடவில்லை. இதயநோய் என்றால் கூடுதலாக ஒன்றைக் கவனியுங்கள்: நோய் தாக்குவதற்கு முந்தைய 14 நாட்களில் நீங்கள் செய்த பணிகளின் விவரத்தைப் பார்க்க வேண்டும் என்று இராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கான வழிகாட்டி நூலே சொல்கிறது. அந்த விவரத்தைக் கேட்டுப் பெறாமலேயே குழு முடிவெடுத்திருந்தால் அதை மனுவில் குறிப்பிட வேண்டும்.

போர்டு ஒத்துக்கொண்டது. ஆனால் அலகாபாத்தில் இருந்து ரிஜெக்ட் ஆகி வந்துவிட்டது. இது சரியா?

ஓய்வூதியம் வழங்கும் கணக்கு அலுவலகம் அலகாபாத்தில், இன்றைய பிரயாக்ராஜில், இருக்கிறது. முன்பு அங்கிருந்த மருத்துவ ஆலோசகர், வீரரை நேரில் பார்க்காமலேயே, மருத்துவக் குழுவின் விழுக்காட்டைக் குறைத்ததும் தொடர்பை மறுத்ததும் உண்டு. 1993 இல் சாப்பர் மொஹிந்தர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. நேரில் பரிசோதித்த குழுவின் கருத்தை, பரிசோதிக்காத ஒருவர் காகிதத்தைப் பார்த்து மாற்ற முடியாது. மாற்ற வேண்டுமானால் மேலான இன்னொரு மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். இத்தகைய பழைய மறுப்பு யாரிடமாவது இருந்தால், எல்லா வழக்குகளிலும் வலுவானது அதுவே என்பது என் கருத்து.

லீவில் ஊருக்கு வந்தபோது ஆக்சிடென்ட். அதற்குக் கிடைக்குமா?

விடுப்பும் பணிக்காலத்தில் அடங்கும் என்பதால் மட்டும் கிடைத்துவிடாது. விபத்துக்கும் படைப்பணிக்கும் தொடர்பு இருக்க வேண்டும். ஆண்டு விடுப்பில் சொந்த ஊரில் இருந்தபோது சாலை விபத்தில் அடிபட்டவருக்கு 2011 இல் ஜுஜார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அனுமதி பெற்ற தற்செயல் விடுப்பில் ரயிலில் ஊருக்குப் பயணம் செய்தபோது விபத்தில் கையை இழந்தவருக்கு, பயணச்செலவு அவருடையதாகவே இருந்தும், 1999 இல் மதன் சிங் ஷெகாவத் வழக்கில் வழங்கியது. பணியிடத்துக்கும் வீட்டுக்கும் இடையேயான பயணம் என்றால் வாய்ப்பு உண்டு. ஊரில் சொந்த வேலையாகச் சென்றபோது நடந்தது என்றால் மிகக் கடினம்.

எனக்கு 15 சதவீதம்தான் போட்டார்கள். 20 இல்லாததால் ஒன்றும் இல்லையா?

எப்படி வெளியே வந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. அந்தப் பாதிப்புக்காகவே பணிக்காலம் முடியும் முன் படை உங்களை வெளியேற்றியிருந்தால், சுக்விந்தர் சிங் வழக்கில் 2014 இல் வந்த தீர்ப்பு பொருந்தும்: ஒருவரை வெளியேற்றும் அளவுக்கு இருந்த பாதிப்பு 20 விழுக்காட்டுக்கு மேற்பட்டதாகவே கருதப்பட வேண்டும். பணிக்காலத்தை முழுமையாக முடித்து ஓய்வு பெற்றவருக்கு 20 க்குக் குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தால், இயலாமைக்கூறு இல்லை என்று 2019 டிசம்பரில் எஸ்.பி. ரத்தோர் வழக்கில் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது.

நான் முழு சர்வீஸ் முடித்து வந்தவன். எனக்கு டிசபிலிட்டி பென்ஷனே கிடையாது என்று சொன்னார்கள்.

அது தவறான தகவல். சேர்ந்தபோது இருந்ததைவிடக் குறைந்த மருத்துவத் தரப்பிரிவில் (உடல்தகுதி வகைப்பாட்டில்) வெளியேறியவரை, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவராகவே கருத வேண்டும் என்று 1982 விதிகளின் 4 ஆம் விதி சொல்கிறது. பாதிப்பு 20 விழுக்காட்டை எட்டி, பணியோடு தொடர்பும் இருந்தால் முழுப் பணி முடித்தவருக்கும் இயலாமைக்கூறு உண்டு.

ரவுண்டிங் ஆஃப் என்கிறார்களே, அதில் எவ்வளவு கூடும்?

50 விழுக்காட்டுக்குக் குறைவான பாதிப்பை 50 ஆகவும், 50 முதல் 75 வரையுள்ளதை 75 ஆகவும், 76 முதல் 100 வரையுள்ளதை 100 ஆகவும் கணக்கிடுவதுதான் இது. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 100 விழுக்காடு பாதிப்புக்கு இயலாமைக்கூறு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. கடைசி ஊதியம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அது 18,000 ரூபாய். 30 விழுக்காடு பாதிப்புள்ளவருக்கு மாதம் 5,400 ரூபாய் வரும். 50 ஆக உயர்த்திக் கணக்கிட்டால் 9,000 ரூபாய். இதன்மேல் அகவிலைப்படியும் உண்டு.

மருத்துவக் காரணத்தால் இடையில் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்று அரசு நீண்டகாலம் வாதிட்டது. 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. முழுப் பணி முடித்தவர்களுக்கும் உண்டு என்றது. இயலாமைக்கூறு கிடைத்தும் இந்த உயர்வு கிடைக்காதவர்களின் வழக்குகள் ஒப்பீட்டளவில் எளியவை. அவற்றில் "நானா" பற்றிய தகராறே எழுவதில்லை.

நேராகக் கோர்ட்டுக்குப் போய்விடலாமா? எந்தக் கோர்ட்?

ஆயுதப் படைத் தீர்ப்பாயச் சட்டம் 2007 இன் கீழ் அமைந்த தீர்ப்பாயமே முதல் இடம். 2009 ஆகஸ்டில் செயல்படத் தொடங்கியது. முதன்மை அமர்வு டெல்லியில் இருக்கிறது. சென்னை மண்டல அமர்வு தமிழ்நாடு, புதுச்சேரி, ஆந்திரம், தெலங்கானா ஆகியவற்றுக்கானது. நீதித்துறையிலிருந்து ஓர் உறுப்பினரும் படைத்துறையில் உயர்பதவி வகித்த ஓர் உறுப்பினரும் சேர்ந்து விசாரிப்பார்கள். ஓய்வு பெற்றவர் தாம் வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய அமர்விலேயே மனு செய்யலாம். உங்கள் பணிப்பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்டு ஆபீஸ் ஜபல்பூரிலோ நாசிக்கிலோ இருந்தாலும் அங்கே அலைய வேண்டியதில்லை.

அதற்கு முன் துறைக்குள் இருக்கும் முறையீட்டு வழிகளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்று சட்டத்தின் 21 ஆம் பிரிவு எதிர்பார்க்கிறது. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவுக்கும், அங்கும் மறுத்தால் இரண்டாம் மேல்முறையீட்டுக் குழுவுக்கும் எழுத வேண்டும். முறையீடு செய்து ஆறு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றால், பதிலுக்காகக் காத்திராமல் தீர்ப்பாயம் செல்லலாம். எனவே பதிவுத் தபால் ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராததை நிரூபிக்க வேறு சான்று இராது. இறுதி மறுப்பு வந்திருந்தால், அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்பது 22 ஆம் பிரிவு. தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

நான் வெளியே வந்து இருபது வருடம் ஆகிவிட்டது. இனிமேல் போட முடியுமா?

முடியும், ஆனால் இழப்பு இருக்கும். ஓய்வூதியம் மறுக்கப்படுவது ஒவ்வொரு மாதமும் புதிதாக நிகழும் தொடர் தவறு என்பதால், காலம் கடந்தது என்று சொல்லி வழக்கை முழுவதும் தள்ளக்கூடாது என்று 2008 இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே தீர்ப்பு, பழைய பாக்கியை மனு தாக்கல் செய்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டுப்படுத்தியது. இருபது ஆண்டு கழித்து வந்தவர் பதினேழு ஆண்டுப் பணத்தை இழக்கிறார். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் ஒரு மாதப் பாக்கி போய்க்கொண்டிருக்கிறது என்பதை எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொரு இடர்ப்பாடும் உண்டு. வெளியேறிப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஆவணங்கள் காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்ட நிலையில் முதன்முறையாகக் கோரிக்கை வைத்தால், நிரூபிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரர் மேல் வரும் என்று 2008 விதிகள் சொல்கின்றன. முன்னே சொன்ன அனுமானத்தின் பலன் அங்கே நழுவிப்போகிறது.

என்னிடம் டிஸ்சார்ஜ் புக் மட்டும்தான் இருக்கிறது. வேறு என்ன வேண்டும்?

மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைப் படிவம்தான் முதலில் வேண்டும். முடிவு எழுதிய பக்கம் மட்டும் போதாது. அடுத்து, சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைப் பதிவு, இராணுவ மருத்துவமனையில் சேர்த்த குறிப்புகள், நோய் பற்றிப் பிரிவுத் தலைவர் அனுப்பிய அறிக்கை, காயம் என்றால் விசாரணை அறிக்கை, எந்தெந்த ஊரில் எப்போது பணியாற்றினீர்கள் என்ற பட்டியல் ஆகியவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இன் கீழ் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதினால் இவற்றைப் பெறலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் கடிதம் எழுத உதவுவார்கள்.

ஆவணம் அழிக்கப்பட்டுவிட்டது என்று பதில் வந்தால் அந்தப் பதிலையும் மனுவோடு இணையுங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோதே அழித்திருந்தால், அது நிர்வாகத்துக்கு எதிராகக் கொள்ளத்தக்கது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை.

தீர்ப்பாயத்தில் நீங்களே வாதாடச் சட்டம் இடம் தருகிறது. ஆயினும் வழக்கறிஞர் இருப்பது நல்லது. சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987 இன் 12 ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளும் பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடியினரும் இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வரப்போகும் பாக்கித் தொகையில் பங்கு கேட்டு ஒப்பந்தம் போடச் சொல்பவரிடம் செல்ல வேண்டாம். வழக்கறிஞர்கள் அப்படி வாங்குவதை அவர்களுடைய தொழில் நெறிமுறைகளே அனுமதிப்பதில்லை.

தீர்ப்பாயத்தில் தோற்றுவிட்டேன். அதற்கு மேல் எங்கே போவது?

சட்டத்தின் 30, 31 ஆம் பிரிவுகளின்படி உச்ச நீதிமன்றம் செல்லலாம். ஆனால் பொது முக்கியத்துவம் வாய்ந்த சட்டக் கேள்வி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருப்பதால், ஒரு சிப்பாயின் தனிப்பட்ட வழக்குக்கு அந்தக் கதவு எளிதில் திறப்பதில்லை. 2015 இல் ஸ்ரீகாந்த் சர்மா வழக்கில் வந்த தீர்ப்பு, உயர் நீதிமன்றம் இத்தகைய மனுக்களை ஏற்கக்கூடாது என்று சொன்னதால் எட்டு ஆண்டுகள் பலருக்கும் போக்கிடம் இல்லாமல் போனது. 2023 மார்ச் 21 அன்று பர்ஷோத்தம் தாஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, அரசியலமைப்பின் 226 ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் தீர்ப்பாய ஆணைகளை ஆராயலாம் என்றது. சென்னை அமர்வின் ஆணைக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு தாக்கல் செய்யலாம். உயர் நீதிமன்றம் சாட்சியங்களை முதலிலிருந்து மீண்டும் எடைபோடாது. தெளிவான சட்டப்பிழையையும் அதிகார வரம்பு மீறலையுமே பார்க்கும்.

ஜெயித்துவிட்டேன். ஆனால் பணம் வரவில்லை. அப்பீல் போகப் போகிறோம் என்கிறார்கள்.

முந்தைய பதிலில் சொன்ன 2023 தீர்ப்பு அரசுக்கும் அதே வழியைத் திறந்துவிட்டது; வீரர்களுக்குச் சாதகமான ஆணைகளை எதிர்த்துப் பாதுகாப்பு அமைச்சகம் உயர் நீதிமன்றங்களில் பெருமளவில் மனு செய்தது. இத்தகைய மேல்முறையீடுகளைக் கைவிட வேண்டும் என்று 2015 இல் பாதுகாப்பு அமைச்சரே அமைத்த வல்லுநர் குழு பரிந்துரைத்திருந்தது. உடலில் காயத்தோடு வீடு திரும்பியவரை, தீர்க்கப்பட்ட சட்டக்கேள்விக்காக மறுபடியும் நீதிமன்றப் படியேற வைப்பது நியாயமில்லை என்பதே என் உறுதியான கருத்து.

மேல்முறையீடு செய்யப் போகிறோம் என்பதோ, செய்துவிட்டோம் என்பதோ ஆணையை நிறுத்தாது. உயர் நீதிமன்றமோ உச்ச நீதிமன்றமோ தடை விதித்தால்தான் நிற்கும். தீர்ப்பாயம் குறித்த காலம் முடிந்ததும் நிறைவேற்றல் மனு தாக்கல் செய்யுங்கள். குறித்த காலத்துக்குள் தராவிட்டால் வட்டி சேரும் என்ற வாசகம் பெரும்பாலான ஆணைகளில் இருக்கும்; பாக்கி வந்ததும் வட்டி சேர்ந்திருக்கிறதா என்று கணக்குப் பாருங்கள்.

2023 இல் புது ரூல் வந்துவிட்டதாமே. பழைய தீர்ப்புகள் இனி செல்லாதா?

2023 செப்டம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த உரிமை விதிகள், அன்றைக்குப் பிறகு வெளியேறியவர்களுக்கானவை. பாதிப்புடன் பணியில் தொடர்ந்தவர்களுக்கு "பாதிப்பு நிவாரணம்" என்ற தனி வகையை அவை கொண்டுவந்துள்ளன. அதற்கு முன் வெளியேறியவருக்கு, அவர் வெளியேறிய நாளில் இருந்த விதிகளே பொருந்தும். நிர்வாகத்தின் பதிலில் புதிய விதிகளைக் காட்டி உங்கள் பழைய கோரிக்கையை மறுத்திருந்தால், வெளியேறிய தேதியை முதலில் எடுத்துக்காட்டுங்கள்.

அவர் கேஸ் போடாமலே இறந்துவிட்டார். நான் போடலாமா?

போடலாம். தீர்ப்பாயச் சட்டம் ஓய்வு பெற்றவரின் சார்ந்தோரையும் வாரிசுகளையும் சேர்த்தே பேசுகிறது. அவர் உயிரோடு இருந்த காலத்துக்குரிய இயலாமைக்கூறுப் பாக்கியை மனைவி கோரலாம். மூன்று ஆண்டு வரம்பு இங்கும் எழும் என்பதால் காலம் கடத்தக்கூடாது. அவர் இறந்ததே அந்த நோயால்தான் என்றால், சாதாரணக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் கூடுதலான சிறப்புக் குடும்ப ஓய்வூதியத்துக்கும் சேர்த்துக் கோரிக்கை வைக்க வேண்டும். அதற்கு இறப்புச் சான்றிதழோடு, மரணத்தின் மருத்துவக் காரணத்தைக் குறிப்பிடும் மருத்துவமனைச் சான்றும் தேவை.

என் தம்பி சி.ஆர்.பி.எஃப்-இல் இருந்தான். அவனுக்கும் இதே வழியா?

இல்லை. சி.ஆர்.பி.எஃப், பி.எஸ்.எஃப் போன்றவை உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்கு அவற்றின் மேல் அதிகாரம் இல்லை. அவர்களுக்கு மத்திய அரசு ஊழியர்களுக்கான சிறப்பு ஓய்வூதிய விதிகள் பொருந்தும். மறுத்தால் நேரடியாக உயர் நீதிமன்றத்தில் 226 ஆம் பிரிவின் கீழ் மனு செய்ய வேண்டும். காரணம் கூறாத மருத்துவக் கருத்து பற்றிய வாதத்தை அங்கும் எழுப்பலாம். ஆனால் 1982, 2008 விதிகளை அடிப்படையாக்கி மனு எழுதினால் நிற்காது. பாதுகாப்புத் துறை நிலையங்களைக் காவல் காக்கும் படையான டி.எஸ்.சி. தரைப்படையைச் சேர்ந்தது என்பதால், அதில் இருந்தவர்கள் மேலே சொன்ன தீர்ப்பாய வழியிலேயே செல்லலாம்.